வீட்டுக்குள் ஒரு சினிமாப் பெட்டி: வாசலைத் திறக்காமல் வெளியூரிலும் பார்க்க

கல்யாண டிவிடி அலமாரியில், குழந்தையின் முதல் பிறந்தநாள் யாரோ ஒருவரின் பழைய போனில், பாட்டுகள் நாலைந்து பென்டிரைவில், படங்கள் அண்ணன் விட்டுப்போன ஹார்ட் டிஸ்க்கில். இப்படிச் சிதறிக் கிடப்பதை ஒரே பெட்டியில் சேர்த்து, கூடத்து டிவியிலும் ஹாஸ்டலில் இருக்கும் மகளின் போனிலும் ஓட வைப்பதுதான் வீட்டு மீடியா சர்வர். நிறுவுவதற்கு ஒரு சனி, ஞாயிறு போதும். வெளியூரிலிருந்து பார்க்க வழி செய்கிறேன் என்று முன்பின் தெரியாதவனுக்கும் வழி விட்டுவிடுகிறார்களே, அங்கேதான் கவனம் வேண்டும்.

1. முதலில் பரணில் பழைய லேப்டாப் இருக்கிறதா என்று பாருங்கள். திரை கீறியிருந்தாலும் கீபோர்டில் இரண்டு எழுத்து விழாவிட்டாலும் பரவாயில்லை. இன்டெல் 7ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பின் வந்த பிராசஸரும் 8 ஜிபி ராமும் இருந்தால் ஒரு குடும்பத்துக்குத் தாராளம். அதில் விண்டோஸ் 10 இருந்தால் எடுத்துவிடுங்கள். அதற்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இரவும் பகலும் நெட்டில் இருக்கப்போகிற கருவிக்கு டெபியனோ உபுண்டுவோ போடுவதுதான் சரி, இரண்டும் இலவசம். லேப்டாப்பில் இன்னொரு லாபம், பேட்டரியே யுபிஎஸ் வேலை பார்க்கும். ஆனால் வருடக்கணக்கில் சார்ஜரிலேயே கிடக்கும் பேட்டரி உப்பும். பயாஸில் சார்ஜ் வரம்பு வைக்கும் வசதி இருந்தால் 60 அல்லது 80 சதவீதத்தில் நிறுத்துங்கள். ஏற்கெனவே உப்பியிருந்தால் பேட்டரியைக் கழற்றிய பிறகுதான் மற்ற வேலை.

2. புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் இன்டெல் என்100 சிப் உள்ள மினி பிசி போதும். 2023-இல் வந்த இந்தச் சிப் 6 வாட் வகை, வீடியோவை மாற்றிக் கொடுக்கும் வன்பொருள் உள்ளேயே இருக்கிறது. ராஸ்பெரி பை 5 என்ற சின்னக் கணினி பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வீடியோவை மாற்றி அனுப்பும் வன்பொருள் அதில் இல்லை. பாட்டுக்கு மட்டும் என்றால் பை சரி.

3. மின்சாரக் கணக்கைப் போட்டுவிட்டு முடிவெடுங்கள். 10 வாட் இழுக்கும் மினி பிசி இரண்டு மாதம் இடைவிடாமல் ஓடினால் சுமார் 14 யூனிட். 60 வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப் அதே காலத்தில் 86 யூனிட் தின்னும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்குக் கிடைக்கும் இலவச 100 யூனிட் கிட்டத்தட்ட முழுவதும் அதற்கே போய்விடும். சும்மா கிடைத்த டெஸ்க்டாப் சும்மா ஓடாது.

4. கண்ணாடிக் கதவு போட்ட டிவி ஷோகேஸுக்குள் வைக்க வேண்டாம், சூடு வெளியேறாது. ரவுட்டருக்குப் பக்கத்தில், லேன் கேபிள் எட்டும் தூரத்தில் திறந்த அலமாரித் தட்டு நல்லது. சர்வரை வைஃபையில் இணைத்துவிட்டுப் படம் நின்று நின்று ஓடுகிறது என்று அலுத்துக்கொள்பவர்கள் பலர். ஒரு கேபிளில் தீருகிற பிரச்சினை அது. பல்லியும் எறும்பும் சூடான இடத்தைத் தேடி வரும். மாதம் ஒருமுறை தூசி தட்டும்போது பின்புறத் துளைகளையும் பாருங்கள்.

5. மென்பொருளுக்கு என் சிபாரிசு ஜெல்லிஃபின். எம்பி என்ற மென்பொருள் தன் மூலநிரலை மூடிக்கொண்டபோது, 2018 டிசம்பரில் அதிலிருந்து பிரிந்து வந்தது இது. முழுக்க இலவசம், கணக்குத் தொடங்க எந்த நிறுவனத்திடமும் போய் நிற்க வேண்டாம். பிளெக்ஸ் இன்னும் பளபளப்பானது, டிவி செயலிகளும் அதில் மேல். ஆனால் வெளியூரிலிருந்து சொந்த வீடியோவைப் பார்ப்பதை 2025 ஏப்ரல் 29 முதல் அது கட்டணச் சேவையாக்கிவிட்டது. நம் வீட்டில், நம் டிஸ்க்கில், நம் கரண்டில் ஓடும் கல்யாண வீடியோவைப் பார்க்க இன்னொருவருக்குச் சந்தா கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

6. பெரிய டிஸ்க் வாங்கும்போது தனி அடாப்டர் உள்ள 3.5 அங்குல வகையைப் பாருங்கள். யுஎஸ்பியிலேயே கரண்ட் எடுக்கும் சின்ன டிஸ்க்குகள் சின்னக் கருவிகளில் திடீரென்று துண்டித்துக்கொள்ளும். சர்வரை அணைத்துப் போட்டபின் டிஸ்க் தானாகவே அதே இடத்தில் இணைகிறதா என்று ஒருமுறை சோதியுங்கள். இணையாமல் போனால் ஜெல்லிஃபின் காலிக் கோப்புறையைப் பார்த்துவிட்டு, படங்கள் எல்லாம் போய்விட்டன என்று பட்டியலைத் துடைத்துவிடலாம். கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. எதுவரை பார்த்தோம் என்ற கணக்கு கலைந்துபோகலாம்.

7. எதை முதலில் ஏற்றுவது? புதுப் படங்களை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். திரும்பக் கிடைக்காதவை வீட்டு வீடியோக்கள்தான். 2000-களில் ஸ்டூடியோக்காரர் தந்த கல்யாண டிவிடி கணினியில் எரித்த வகை. அதன் சாயப் பூச்சு காலப்போக்கில் மங்கும். எனவே அவற்றிலிருந்து தொடங்குங்கள். ஒரு டிவிடி 4.7 ஜிபி, ஆக 1 டிபி டிஸ்க்கில் 200-க்கும் மேல் அடங்கும். இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று உடனே சுருக்காதீர்கள். மேக்எம்கேவி மென்பொருள் தரம் குறையாமல் அப்படியே ஒரே கோப்பாக எடுத்துத் தரும். அந்த மூலத்தை வைத்துக்கொண்டு, போனில் பார்க்கத் தனியாக ஒரு சின்னப் பிரதியை ஹேண்ட்பிரேக்கில் செய்துகொள்ளலாம். அப்போது டீஇன்டர்லேஸ் வசதியைப் போட மறக்காதீர்கள். நம் ஊர் டிவிடிக்கள் 720-க்கு 576 அளவில், ஒவ்வொரு காட்சியும் இரண்டு பாதிகளாகப் பதிவானவை. அதைச் சரிசெய்யாவிட்டால் தாலி கட்டும் கையெல்லாம் சீப்புப் பல்லாகத் தெரியும். கீறல் விழுந்த தட்டை ஒரு டிரைவ் படிக்க மறுத்தால் வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற கருவி படிக்க முடிந்ததை முதலில் எடுத்துவிட்டு, முடியாத இடங்களுக்குத் திரும்பத் திரும்பப் போகும். ஒரு தட்டுக்கு ஒரு ராத்திரி பிடித்தாலும் விடுங்கள், எடுக்கட்டும்.

8. விஎச்எஸ் கேசட் இருந்தால் விசிஆர் ஓடும் கடையை இப்போதே தேடுங்கள். கேசட்டை விட விசிஆர் முதலில் அழிகிறது.

9. பெயரிடுவதில் சோம்பல் கூடாது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கோப்புறை, பெயரோடு அடைப்புக்குறிக்குள் ஆண்டு. ஆண்டு இல்லாவிட்டால் 1980-இல் ரஜினி நடித்த பில்லாவுக்கு 2007-இல் அஜித் நடித்த பில்லாவின் போஸ்டர் வந்து உட்காரும். முரட்டுக்காளை, மாப்பிள்ளை என்று இந்தக் குழப்பம் நமக்கு அதிகம். வீட்டு வீடியோக்களைத் திரைப்படம் என்ற பிரிவில் போட வேண்டாம். ‘காதுகுத்து’ என்று பெயர் வைத்தால் அது எங்கோ ஒரு படத்தைத் தேடிப் பிடித்து ஒட்டிவிடும். அதற்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. பெயரில் ஆண்டு, மாதம், தேதி என்ற வரிசையில் எழுதினால் எல்லாம் தானாகவே காலவரிசையில் நிற்கும்.

10. பாட்டுகளில்தான் உண்மையான தலைவலி. பழைய எம்பி3 கோப்புகளில் ஆல்பம் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு டவுன்லோடு தளத்தின் பெயர் இருக்கும். எஸ்.பி.பி. பாடியது ஓர் ஆல்பம், ஜானகி பாடியது இன்னோர் ஆல்பம், இருவரும் சேர்ந்து பாடியது மூன்றாவது என்று ஒரே படத்தின் ஆறு பாட்டும் ஆறு இடத்தில் சிதறும். மேற்கத்திய ஆல்பங்களை மனதில் வைத்து எழுதிய மென்பொருள் இது. பாடகர்தான் ஆல்பத்தின் சொந்தக்காரர் என்று நினைக்கிறது. நமக்கு ஆல்பம் என்பது படம், சொந்தக்காரர் இசையமைப்பாளர். ஆகவே எம்பி3டேக் அல்லது பிக்கார்டு மென்பொருளில் ஒரு படத்தின் பாட்டுகளை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ என்ற இடத்தில் இளையராஜா என்றோ எம்.எஸ்.வி. என்றோ ஒரே மாதிரி எழுதுங்கள். எழுத்துக்கூட்டலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் ரகுமானை மூன்று விதமாக எழுதினால் மூன்று ரகுமான்கள் வருவார்கள். பாடகர் பெயர்கள் ‘ஆர்ட்டிஸ்ட்’ இடத்தில் இருக்கட்டும். ஒரே நாளில் முடிக்கப் பார்க்காமல், தினம் ராத்திரி ஒரு படமாகச் செய்வது எளிது. செய்யும்போதே கேட்கலாம்.

11. படம் ஓடும்போது சர்வர் மூச்சு வாங்குகிறதென்றால் அது வீடியோவை உடனுக்குடன் வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறது. பார்க்கும் டிவிக்கு அந்த வடிவம் தெரியாததால் வரும் வேலை இது. எச்.264 வீடியோ, ஏஏசி ஒலி உள்ள எம்பி4 கோப்பு பெரும்பாலும் எல்லா இடத்திலும் நேரடியாகவே ஓடும். மற்றவற்றுக்கு ஜெல்லிஃபின் அமைப்பில் வன்பொருள் முடுக்கம் என்ற இடத்தில் இன்டெல் குவிக் சிங்கைத் தேர்ந்தெடுங்கள். இதற்கும் காசு இல்லை.

12. சப்டைட்டில் கோப்பு யுடிஎஃப்-8 வடிவில் இருக்கட்டும். தமிழ் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் கோப்பில் குறையில்லை, எழுத்துரு இல்லை. மாற்று எழுத்துருக் கோப்புறை என்ற அமைப்பில் ஒரு தமிழ் யூனிகோடு எழுத்துருவைப் போட்டால் சரியாகும்.

13. ஆளுக்கு ஒரு கணக்கு. நிர்வாகிக் கணக்கில் படம் பார்க்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். அது அமைப்புகளை மாற்ற மட்டும். குழந்தைகள் கணக்கில் அவர்களுக்கான பிரிவுகள் மட்டும் தெரியட்டும், கோப்பை அழிக்கும் உரிமை யாருக்கும் வேண்டாம். டிவி ரிமோட்டில் நீண்ட கடவுச்சொல்லை அடிக்கச் சிரமமாக இருக்கிறதென்று 1234 வைக்காதீர்கள். குவிக் கனெக்ட் வசதியில் டிவியில் வரும் ஆறு இலக்க எண்ணைப் போனில் அடித்தால் போதும். எழுபது வயதுக்காரர்களும் அலுக்காமல் செய்கிறார்கள்.

14. ரவுட்டரில் நான்கு வேலைகள்: நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள், சர்வருக்கு நிலையான உள்வீட்டு முகவரி ஒதுக்குங்கள், டபிள்யூபிஎஸ்ஸை அணையுங்கள், யுபிஎன்பியையும் அணையுங்கள். சில மென்பொருள்கள் யுபிஎன்பி வழியாக உங்களைக் கேட்காமலே வெளி உலகுக்குப் போர்ட் திறந்துகொள்ளும்.

15. இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். வெளியூரிலிருந்து பார்க்க, ‘ரவுட்டரில் ஜெல்லிஃபினுக்கான 8096 போர்ட்டைத் திறந்துவிடு’ என்று யாராவது சொல்வார்கள். ஐந்து நிமிட வேலை, உடனே ஓடும். தெருக்கதவைத் திறந்து போட்டுவிட்டு, பீரோ பூட்டியிருக்கிறதே என்று நிம்மதியாகத் தூங்குவது மாதிரிதான் அது. திறந்த போர்ட்டுகளைத் தேடி இணையம் முழுவதையும் துழாவும் நிரல்கள் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கின்றன. உங்கள் வீட்டில் என்ன இருக்கப்போகிறது என்று அவை யோசிப்பதில்லை, எந்தப் பழைய மென்பொருளில் ஓட்டை இருக்கிறது என்று மட்டும் பார்க்கும்.

நடந்தவை சில. 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் டிஸ்க்குகளை இணையத்தோடு இணைத்து வைத்திருந்தவர்கள், ஒரு நாள் விழித்துப் பார்த்தபோது எல்லாம் துடைக்கப்பட்டுக் காலியாக இருந்தன. 2015-க்குப் பிறகு புதுப்பிப்பே வராத கருவிகள் அவை. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற கும்பல் க்யூநாப் சேமிப்புப் பெட்டிகளில் புகுந்து கோப்புகளைப் பூட்டி, ஆளுக்கு 0.03 பிட்காயின் கேட்டது. எல்லாவற்றையும் விட நமக்கு நெருக்கமானது லாஸ்ட்பாஸ் விவகாரம். உலகம் முழுக்கக் கடவுச்சொற்களைக் காப்பதே அந்த நிறுவனத்தின் தொழில். அதன் பொறியாளர் ஒருவரின் வீட்டுக் கணினியில் பழைய பிளெக்ஸ் சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. அதில் இருந்தது 2020 மே மாதமே சரிசெய்யப்பட்டுவிட்ட ஓட்டை, அவர் புதுப்பிக்கவில்லை. 2022-இல் அதன் வழியே புகுந்தவர்கள் அவர் தட்டிய எழுத்துகளைப் பதிவு செய்து, நிறுவனத்தின் சாவி வரை போய்விட்டார்கள். படம் பார்க்க வைத்த பெட்டிதான் வழியாயிற்று.

16. நம்மில் பலருக்குப் போர்ட்டைத் திறந்தாலும் வேலைக்கு ஆகாது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வெளி முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்குகிறதா என்று பாருங்கள். அப்படியானால் ஒரே பொது முகவரியை உங்களோடு இன்னும் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. வெளியிலிருந்து வருபவருக்கு உங்கள் வீட்டை அடையாளம் தெரியாது. இதற்காக மாதாமாதம் பணம் கட்டி நிலையான ஐபி வாங்கச் சொல்வார்கள். வாங்காதீர்கள், அடுத்த குறிப்பைப் பாருங்கள்.

17. வயர்கார்டு என்று குறியாக்கத்தோடு இயங்கும் ஒரு விபிஎன் முறை இருக்கிறது. ஜேசன் டோனன்ஃபெல்ட் உருவாக்கியது. 2020 மார்ச்சில் லினக்ஸ் கெர்னல் 5.6-இல் சேர்ந்தது. அதன் மேல் கட்டப்பட்ட டெயில்ஸ்கேல் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசம். சர்வரிலும் போனிலும் நிறுவி ஒரே கணக்கில் நுழைந்தால், இரண்டும் உள்ளிருந்து வெளியே கைநீட்டி ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொள்ளும். ரவுட்டரில் எதையும் திறக்க வேண்டாம், பொது முகவரியும் வேண்டாம். மூன்று விஷயம் கவனியுங்கள். ஒன்று, கூகுள் கணக்கால் நுழைந்தால் அந்தக் கூகுள் கணக்குதான் வீட்டுச் சாவி. இரண்டடுக்குச் சரிபார்ப்பு இல்லாமல் தொடங்காதீர்கள். இரண்டு, ஒவ்வொரு கருவியின் சாவியும் இயல்பாக 180 நாளில் காலாவதியாகும். ஆறு மாதம் நன்றாக ஓடிய சர்வர் ஒரு நாள் காரணமே இல்லாமல் காணாமல் போவது இதனால்தான். நிர்வாகப் பக்கத்தில் சர்வருக்கு மட்டும் காலாவதியை நிறுத்திவையுங்கள். போன்களுக்கு அது இருக்கட்டும். மூன்று, ஃபனல் என்ற வசதியைத் தொட வேண்டாம். அது உங்கள் சர்வரை எல்லோரும் பார்க்கும்படி பொதுவில் வைப்பது.

18. நேரடி இணைப்பு கிடைக்காத ஹாஸ்டல், ஹோட்டல் வைஃபையில் டெயில்ஸ்கேல் இடையில் உள்ள தன் சர்வர் வழியாகச் சுற்றிப் போகும். நடுவில் யாரும் படிக்க முடியாது, வேகம் மட்டும் குறையும். போனில் ஒரு சமயத்தில் ஒரு விபிஎன்தான் ஓடும் என்பதால், அலுவலக விபிஎன் போட்டிருந்தால் முதலில் அதை நிறுத்த வேண்டும். வளைகுடாவில் இருக்கும் உறவினருக்குக் கொடுக்கும் முன் அங்குள்ள சட்டத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஐக்கிய அரபு அமீரகம் போன்ற இடங்களில் விபிஎன் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடுகள் உண்டு.

19. மாமா வீட்டுக்கும் கொடுக்க வேண்டும் என்றால் உங்கள் கணக்கின் கடவுச்சொல்லை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். டெயில்ஸ்கேலில் சர்வரை மட்டும் பகிரும் வசதி இருக்கிறது. மாமா தன் கணக்கிலேயே நுழைவார், அவருக்கு அந்த ஒரு கருவி மட்டும் தெரியும். அணுகல் விதிகளில் 8096 போர்ட்டை மட்டும் அனுமதித்தால் இன்னும் நல்லது. சொந்த டிவிடியும் வீட்டு வீடியோவும் குடும்பத்துக்குள் பார்ப்பது வேறு, தெருவுக்கே கணக்குக் கொடுப்பது வேறு. பின்னது காப்புரிமைச் சிக்கலில் கொண்டுபோய் விடும்.

20. மாமா வீட்டு டிவியில் பார்க்க, ஆண்ட்ராய்டு டிவி அல்லது ஆண்ட்ராய்டு செயலிகள் ஓடும் ஃபயர் ஸ்டிக் வேண்டும். எல்ஜி, சாம்சங் டிவிகளின் சொந்த அமைப்பில் டெயில்ஸ்கேல் ஓடாது. டிவியை மாற்ற வேண்டாம், ஸ்டிக் ஒன்றைச் செருகினால் போதும்.

21. வெளியூர் வேகத்துக்கு வரம்பு வையுங்கள். 8 எம்பிபிஎஸ்ஸில் ஓடும் படம் மணிக்கு 3.6 ஜிபி தின்னும். நாளுக்கு 2 ஜிபி பிளான் வைத்திருக்கும் பிள்ளைக்கு இடைவேளை வருவதற்குள் டேட்டா தீர்ந்துவிடும். 1.5 எம்பிபிஎஸ்ஸாக இறக்கினால் இரண்டரை மணி நேரப் படம் 1.7 ஜிபியில் முடியும், போன் திரைக்கு அது போதும். ஜெல்லிஃபினில் ஒவ்வொரு கணக்குக்கும் இந்த வரம்பைத் தனித்தனியாக வைக்கலாம். ரயில் பயணத்துக்கு நேரடியாக ஓட விடுவதை நம்பாமல் முன்கூட்டியே போனில் இறக்கிக்கொள்ளுங்கள். பாட்டுக்கு ஃபினாம்ப் செயலி நன்றாக இருக்கிறது.

22. மாதம் ஒரு நாளைப் புதுப்பிப்புக்கு ஒதுக்குங்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளோடு சேர்த்துக்கொண்டால் மறக்காது. கரண்ட் வந்ததும் முதல் வேலை அது. பயாஸில் ‘கரண்ட் வந்தால் தானாக இயங்கு’ என்ற அமைப்பையும் போடுங்கள். இல்லாவிட்டால் ஊருக்குப் போயிருக்கும்போது ஒரு நிமிடக் கரண்ட் கட்டுக்கே பெட்டி அணைந்து கிடக்கும். லேப்டாப்புக்குப் பேட்டரி இருந்தாலும் ரவுட்டருக்கு இல்லை, அதற்கு ஒரு சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் வாங்கி வையுங்கள்.

23. இரண்டு டிஸ்க் போட்டு ரெய்டு அமைத்தால் பேக்கப் ஆகிவிட்டது என்று எண்ண வேண்டாம். தவறுதலாக அழித்தது இரண்டிலும் ஒரே நொடியில் அழியும். மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில் என்பது புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரப்பிய கணக்கு. வீட்டு வீடியோக்களும் போட்டோக்களும் மட்டும் இந்தக் கணக்கில் வரட்டும். சினிமாவுக்கு இவ்வளவு செலவு தேவையில்லை. தங்கை வீட்டில் ஒரு டிஸ்க்கை வைத்து, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போகும்போது மாற்றிக்கொள்ளுங்கள். இங்கே இருக்கும் பேக்கப் டிஸ்க்கை நகல் எடுத்ததும் கழற்றிவிட வேண்டும். செருகியே இருக்கும் டிஸ்க்கையும் கோப்பைப் பூட்டும் வைரஸ் விட்டுவைக்காது. எடுத்த பேக்கப்பிலிருந்து ஒரு கோப்பையாவது வேறு கணினியில் திறந்து பார்த்துவிடுங்கள்.

24. போன் தொலைந்தால் இரண்டு இடத்தில் நீக்க வேண்டும். முதலில் டெயில்ஸ்கேல் நிர்வாகப் பக்கத்தில் அந்தக் கருவியை எடுங்கள், அத்தோடு வீட்டுக்கு வரும் வழி அடைபடும். பிறகு ஜெல்லிஃபினில் கருவிகள் பட்டியலிலிருந்து நீக்கி, அந்தக் கணக்கின் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். இந்த இரண்டு பக்கங்களும் எங்கே இருக்கின்றன என்பது வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும். தொலைவது பெரும்பாலும் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவரின் போனாகத்தான் இருக்கும்.